பயிற்றுநர் இல்லாமல் ஆர்.சி. (ரேடியோவால் இயக்கும் மாதிரி) பயிற்சி விமானம் ஓட்டக் கற்க முடியுமா? (தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்)

18 ஜனவரி 2024

பாலக்கோட்டிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பக்கம் சங்கமும் இல்லை, கற்றுக்கொடுக்க ஆளும் இல்லை. காணொளிகளைப் பார்த்தே ஆர்.சி. விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியுமா? கைரோ வைத்த ரிசீவர் (விமானத்துக்குள் சிக்னலை வாங்கும் கருவி) வாங்கினால் விமானம் தானாகவே நேராகிக்கொள்ளும் என்கிறார்கள். அப்படியானால் கற்பதற்கு என்னதான் இருக்கிறது?"

ஆள் இல்லாமல் கற்க முடியும். கிருஷ்ணகிரிப் பக்கம் நான் கற்றதும் அப்படித்தான். காணொளி மட்டும் போதாது. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது அதன் வலமும் நம் வலமும் ஒன்றாக இருக்கும், திரும்பி நம்மை நோக்கி வரும்போது இடம் வலமாகிவிடும். இது அறிவுக்கு அரை நிமிடத்தில் விளங்கிவிடுகிறது, கைக்கு விளங்க வாரக்கணக்கில் ஆகிறது. கைரோ, அதாவது விமானத்தின் ஆட்டத்தை உணர்ந்து தானே திருத்தும் கருவி, இப்போதைக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

19 ஜனவரி 2024

நேற்றுச் சுருக்கமாக எழுதியதை விரிக்கிறேன். பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது அவர் கையிலும் ஒரு டிரான்ஸ்மிட்டர் (விமானத்தை இயக்கும் கைக்கருவி) இருக்கும். மாணவர் தடுமாறினால் ஒரு சுவிட்சை விடுவித்த மாத்திரத்தில் கட்டுப்பாடு அவரிடம் போய்விடும். அவர் நமக்குத் தருவது முதன்மையாக நேரம்தான். யோசிக்கவும் தடுமாறவும் மீளவும் வேண்டிய சில விநாடிகள். அவர் இல்லாத இடத்தில் அந்த விநாடிகளை மெதுவான விமானம், போதிய உயரம், காற்றில்லாத வேளை ஆகியவற்றிலிருந்துதான் பெற வேண்டும். விமானத்தைத் தேர்ந்தெடுப்பது முதல் எந்தக் கேள்வி வந்தாலும், இதனால் எனக்கு நேரம் கூடுமா குறையுமா என்று பார்த்தால் விடை தானே வந்துவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, இறக்கையின் நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ., மொத்த எடை 900 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இறக்கை உடலுக்கு மேலே இருக்க வேண்டும், இருபுறமும் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். குறுக்குவெட்டு, 1922இல் வடிவமைக்கப்பட்ட கிளார்க் ஒய் என்ற இறக்கை வடிவம் போல அடிப்பக்கம் ஏறத்தாழத் தட்டையாக இருப்பது நல்லது. இத்தகைய விமானம் மணிக்குச் சுமார் 26 கிலோமீட்டர் வரை வேகம் குறைந்தாலும் தாக்குப்பிடிக்கும். அதே இறக்கையில் எடையை இரு மடங்காக்கினால் இந்தக் குறைந்தபட்ச வேகம் ஏறத்தாழ 1.4 மடங்காகி, 37 கிலோமீட்டரைத் தொடும். கடையில் அழகாகத் தெரிகிற போர்விமான மாடல்களில் இறக்கை சிறிது, எடை மிகுதி. முதல் விமானமாக அவற்றை வாங்குகிறவருக்கு யோசிக்க ஒரு விநாடிகூட மிஞ்சுவதில்லை.

ஈ.பி.ஓ. என்ற நெகிழ்வான நுரையில் செய்த விமானமே தொடக்கத்துக்குப் பொருத்தமானது. பால்சா மரத்தின் அழகு வேறு, ஆனால் அது விழுந்தால் ஒட்டுவதற்கு ஒரு மாதம் உட்கார வேண்டும். சொந்தமாகச் செய்ய விரும்புவோர் விளம்பரப் பலகைக்குப் பயன்படும் சன்பேக் தகட்டில் செய்யலாம். தேர்தல் முடிந்த ஊர்களில் அதற்குப் பஞ்சமே இல்லை. வேட்பாளரின் முகம் இறக்கையின் மேற்பக்கத்திலா அடிப்பக்கத்திலா என்பதை அவரவர் கொள்கைக்கு விட்டுவிடலாம்.

22 ஜனவரி 2024

சிமுலேட்டர், அதாவது திரையில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருள் பற்றிக் கேட்கிறார்கள். பிக்காசிம் என்பது இலவசமாகவே கிடைக்கிறது. கைப்பேசித் திரையில் விரலைத் தேய்த்துப் பழகுவதில் பயன் இல்லை. பறக்கவிடப்போகும் அதே டிரான்ஸ்மிட்டரை யூ.எஸ்.பி. வழியாகக் கணினியில் இணைத்துப் பழகினால்தான் விரல்களுக்கு ஸ்டிக்கின் தூரம் பிடிபடும். நம் நாட்டில் பெரும்பாலோர் மோட் 2 வைத்திருக்கிறார்கள்: இடப்பக்க ஸ்டிக்கில் த்ராட்டிலும் (மோட்டாரின் வேகம்) ரட்டரும் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் தகடு), வலப்பக்க ஸ்டிக்கில் எலிவேட்டரும் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) அய்லரானும் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடுகள்). உதவி கேட்க நேர்ந்தால் பிறரும் அதையே அறிந்திருப்பார்கள் என்பதால் அதிலேயே தொடங்குவது நல்லது.

சிமுலேட்டரில் பலரும் வட்டமடித்தும் குட்டிக்கரணம் போட்டும் மகிழ்ந்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். பழக வேண்டியது சலிப்பூட்டும் ஒரே பாடம்: விமானத்தைத் தன்னை நோக்கி வரவைப்பது, கடந்து போகவிடுவது, மறுபடி வரவைப்பது. இதற்கு ஒரு உபாயம் உண்டு. விமானம் நம்மை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமாகவே ஸ்டிக்கை நகர்த்த வேண்டும், தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. இடம் வலம் என்று மனத்தில் கணக்குப் போடத் தொடங்கினால் காலம் கடந்துவிடும்.

3 பிப்ரவரி 2024

இடம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வெட்டவெளிக்குக் குறைவில்லை என்று தோன்றும். இறங்கித் தேடினால், ஒரு பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் மின்கம்பி, மறுபக்கம் பாறை என்று நிலம் துண்டுபட்டுக் கிடப்பது தெரியும். தொடக்கக்காரருக்குச் சுமார் 200 மீட்டர் நீளமும் ஏறத்தாழ அதே அகலமும் கொண்ட தடையற்ற வெளி வேண்டும். என் அனுபவத்தில் நல்லவை இரண்டு. ஒன்று, ராகி அறுத்துவிட்டுத் தரிசாக விட்ட மானாவாரிக் கொல்லை. அடித்தாள் நிற்பதால் விமானம் விழுந்தாலும் மெத்தென்றிருக்கும், ஆனால் சக்கரத்தால் ஓடி எழும்ப முடியாது, கையால்தான் எறிய வேண்டும். இரண்டாவது, கோடையில் வற்றிய ஏரியின் படுகை. அங்கே ஓடுபாதை கிடைக்கும், கூடவே சீமைக் கருவேல முள்ளும் கிடைக்கும். கே.ஆர்.பி. அணைப் பக்கம் அகன்ற வெளியாக இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அணையை ஒட்டிய பகுதி எதுவானாலும் போகாமலிருப்பதே சரி. யாருடைய நிலமானாலும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அவசியம். விமானத்தை எடுக்க நிலக்கடலைச் செடிகளை மிதித்துக்கொண்டு ஓடிய பிறகு அனுமதி கேட்டால் நல்ல பதில் வராது.

காற்றும் வெயிலும். எழும்புவதும் இறங்குவதும் காற்றை எதிர்த்தே நடக்க வேண்டும். தை, மாசியில் விடியற்காலைக் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து மெல்ல வரும், சூரியனோ தென்கிழக்கில் தாழ்வாக நிற்கும். எழும்பிய விமானத்தை வலப்பக்கம் திருப்பினால் அது நேரே சூரியனுக்குள் போய்விடும், கண் கூசிய அந்த இரண்டு விநாடியில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது தெரியாமல் போகும். ஆகவே இந்தப் பருவத்தில் எழும்பியதும் இடப்பக்கம் திருப்பி, வட்டம் முழுவதையும் வடக்கிலும் மேற்கிலும் வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் ஏறி நிலம் சூடாகிவிட்டால் கொல்லையிலிருந்து எழும் வெப்பக்காற்று விமானத்தைத் தூக்கியும் இறக்கியும் அலைக்கழிக்கும், அதனால் ஒன்பது மணிக்குள் மூட்டை கட்டிவிடுவது என் வழக்கம். பருந்துகள் இறக்கை அடிக்காமல் வட்டமிடத் தொடங்கினால் நேரம் முடிந்தது என்று பொருள்.

ஆனி, ஆடியில் காற்று தென்மேற்கிலிருந்து வரும், வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். திசை இதைவிட நன்றாக அமையாது. ஆனால் காற்று மணிக்கு 25 கிலோமீட்டர் அடித்தால், மேலே சொன்ன விமானம் மெதுவாகப் பறக்கையில் நின்ற இடத்திலேயே நிற்கும், திரும்பினாலோ நிலத்தைப் பொறுத்து 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும்.

11 பிப்ரவரி 2024

பாலக்கோட்டு நண்பர் விமானத்தை வாங்கி, எறிந்தும்விட்டார். "மூக்கைத் தூக்கியது, அந்தரத்தில் ஒரு கணம் நின்றது, ஒரு பக்கமாகக் கவிழ்ந்து விழுந்தது. எலிவேட்டரைத் தள்ளியும் கேட்கவில்லை" என்கிறார்.

இந்த வர்ணனையைப் படித்தவுடன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பேட்டரியை எங்கே வைத்தீர்கள்? மூடி சரியாக மூடவில்லை என்று பேட்டரியைப் பின்னால் தள்ளி வைத்ததாகப் பதில் வந்திருக்கிறது. எடைமையம் வால்பக்கம் போய்விட்டது. பயிற்சி விமானத்தில் அது இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தின் 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது 20 செ.மீ. அகல இறக்கைக்கு 5 முதல் 6 செ.மீ. பின்னால். பேட்டரியை உள்ளே வைத்து மூடிய பிறகு, அந்த இடத்தில் இரு விரல் நுனிகளால் இறக்கையைத் தாங்கிப் பாருங்கள். விமானம் மட்டமாக நிற்க வேண்டும், அல்லது மூக்குச் சற்றே தாழ வேண்டும். மூக்குக் கனத்த விமானம் சோம்பலாகப் பறக்கும், வால் கனத்தது எலிவேட்டரின் ஒவ்வோர் அசைவுக்கும் துள்ளி, யார் கைக்கும் அடங்காது.

அதோடு இதையும் பாருங்கள். விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் நகர்த்தினால் வல அய்லரான் மேலே எழ வேண்டும், இடது தாழ வேண்டும். ஸ்டிக்கைத் தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். பழுது பார்த்து சர்வோவை (இந்தத் தகடுகளை அசைக்கும் சிறு மோட்டாரை) மாற்றிய பிறகு இது தலைகீழாகிவிடுவது மிகவும் சகஜம்.

12 பிப்ரவரி 2024

ஒட்டுவதற்கு: ஈ.பி.ஓ. நுரை சாதாரண உடனடிப் பசையைத் தாங்கும், தெர்மோகோல் தாங்காது, கரைந்து குழியாகிவிடும். எது எது என்று தெரியாவிட்டால் உடைந்த துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிட்டு ஒட்டவும்.

25 பிப்ரவரி 2024

எடைமையம் சரியாகிவிட்டது, இனி முதல் பறப்பு. இதை நிதானமாக எழுத வேண்டும்.

முதலில் டிரான்ஸ்மிட்டர், பிறகுதான் விமானத்தின் பேட்டரி; அணைக்கும்போது இது தலைகீழ். பேட்டரி இணைத்த நொடியிலிருந்து புரொப்பெல்லர் எப்போது வேண்டுமானாலும் சுழலும் என்று கருதியே விமானத்தைப் பிடிக்க வேண்டும். மாடு மேய்க்கும் பிள்ளைகள் எங்கிருந்தோ வந்து கூடிவிடுவார்கள். அவர்களை விரட்டுவதைவிட, ஒருவனைத் தலைவனாக்கி மற்றவர்களை என் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவைக்கும் பொறுப்பைக் கொடுத்துவிடுவது எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி ரிசீவரின் ஃபெயில்சேஃப் அமைந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே, புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்துவிட வேண்டும்.

காற்றை எதிர்த்து நின்று, முக்கால் த்ராட்டிலுக்கு மேல் கொடுத்து, மட்டமாக எறிய வேண்டும். வானத்தை நோக்கி எறிவதுதான் எல்லாரும் செய்வது, ஆனால் வேகம் பிடிக்கும் முன்பே விமானம் ஏற முயன்று ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாமல் போய்விடும். சுமார் 50 மீட்டர் உயரம் போகும்வரை திருப்பவே வேண்டாம். அங்கே போனதும் த்ராட்டிலைப் பாதிக்குக் குறைத்து, ஸ்டிக்கை விட்டுப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிராக டிரிம் பொத்தானை (ஸ்டிக்கின் நடுநிலையைச் சிறிது சிறிதாக நகர்த்துவது) ஒவ்வொரு சொடுக்காகத் தட்ட வேண்டும். முதல் பறப்பின் வேலை இவ்வளவே.

திருப்புவது எப்படி? அய்லரானைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் திரும்பும் என்று எண்ணுவதுதான் பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம். அய்லரான் சாய்க்கும், அவ்வளவுதான். 20, 30 பாகை சாய்ந்ததும் அதை நடுவுக்குக் கொண்டுவந்துவிட்டு, எலிவேட்டரைச் சிறிது இழுத்தால் விமானம் திரும்பும். திரும்பி முடிந்ததும் எதிர்ப்பக்க அய்லரானால் மட்டமாக்க வேண்டும். அய்லரானைப் பிடித்தபடியே இருந்தால் சாய்வு கூடிக்கொண்டே போய், மூக்குத் தாழ்ந்து, சுழன்று இறங்கத் தொடங்கும். அப்போது பயத்தில் எலிவேட்டரை இழுத்தால் சுழல் இன்னும் இறுகும். முதலில் இறக்கைகளை மட்டமாக்கி, அதன் பிறகே இழுக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றே தெரியவில்லையா? த்ராட்டிலைக் குறைத்துவிட்டு ஸ்டிக்குகளை விட்டுவிடுங்கள். மேல்நோக்கி வளைந்த இறக்கை, உயரம் இருக்குமானால், தானே நிமிர்த்திக்கொள்ளும். 50 மீட்டர் என்று வலியுறுத்துவது இதற்காகத்தான்.

26 பிப்ரவரி 2024

காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர் திருத்துகிறார்: தன்னிடம் இருப்பது அய்லரான் இல்லாத மூன்று சேனல் (தனித்தனிக் கட்டுப்பாடுகள் மூன்றே உள்ள) விமானம், நேற்று எழுதிய திருப்பும் முறை அதற்குப் பொருந்தாது என்று. சரிதான். அதில் ரட்டர்தான் திருப்புகிறது. ரட்டர் மூக்கை விலக்க, வளைந்த இறக்கை அதனால் சாய்கிறது, ஆகவே சாய்வு ஒரு கணம் தாமதமாகவே வரும். அந்தத் தாமதத்தைப் பொறுக்காமல் கூடுதலாகக் கொடுத்தால் தேவைக்கு மேல் சாய்ந்துவிடும். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுக்கும் உபாயம் மட்டும் அப்படியே பொருந்தும்.

நான்கு சேனலே வேண்டும் என்று நானே பலரிடம் சொல்லி வந்திருக்கிறேன். இப்போது அதில் அவ்வளவு உறுதி இல்லை. காற்றில்லாத காலையில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் மூன்று சேனல் குறைவான குழப்பம் தரும். காற்று கொஞ்சம் எழும் நாளிலும் ஓட்ட விரும்புகிறவருக்கு நான்கு.

17 மார்ச் 2024

"மேலே போய்விடுகிறது, இறக்கத்தான் வரவில்லை" என்பது பாலக்கோட்டுச் செய்தி. பேட்டரி தீரும்வரை சுற்றிவிட்டுக் கடைசியில் எங்கோ விழவைக்கிறாராம்.

இறங்கும்போது த்ராட்டில் உயரத்தையும் எலிவேட்டர் வேகத்தையும் ஆள்கின்றன. இதை மனம் ஏற்க மறுக்கும். விமானம் கொல்லையின் வரப்புக்கு இப்பாலேயே இறங்கிவிடும் போலிருந்தால் கை தானாக எலிவேட்டரை இழுக்கும். மூக்கு எழும், வேகம் குறையும், இன்னும் வேகமாகத் தாழும். செய்ய வேண்டியது த்ராட்டிலைச் சிறிது கூட்டுவது. அதுபோல் உயரம் மிகுந்திருந்தால் மூக்கை அழுத்தி இறக்காமல், த்ராட்டிலைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும், அல்லது மீண்டும் எழுந்து இன்னொரு சுற்று வர வேண்டும். தரைக்கு ஒரு மீட்டர் உயரத்தில் த்ராட்டிலை முழுதும் மூடி, மூக்கை மெல்ல மெல்லத் தூக்கி, விமானம் தானே அமரும்வரை பிடித்திருக்க வேண்டும்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. இறங்குவதற்கு முன் காற்றோடு சேர்ந்து நம்மைக் கடந்து போகும் பகுதியில் விமானம் அளவுக்கு மீறி வேகமாகப் போவதாகத் தோன்றும். அது நிலத்தைப் பொறுத்த வேகம். காற்றைப் பொறுத்த வேகம் கூடவே இல்லை. கண்ணை நம்பி வேகத்தைக் குறைத்துக்கொண்டு திருப்பினால் அந்தத் திருப்பத்திலேயே ஸ்டால் ஆகும், அதற்குள் மீள உயரமும் இருக்காது. இரண்டாவது, தரையை ஒட்டிக் காற்று மெலிந்திருக்கும். மரத்தின் உயரத்திலிருந்து கீழே வரும்போது எதிர்காற்று சட்டென்று குறைவதால் விமானம் அந்த அளவு காற்று வேகத்தை இழக்கும். கிருஷ்ணகிரிப் பக்கத்துப் புளியமரங்களின் மறைவில் இது மிகவும் தெளிவாக நடக்கிறது. அதனால் காற்றுள்ள நாளில் சற்றுக் கூடுதல் வேகத்தோடேயே இறக்க வேண்டும்.

பேட்டரி நிறைந்திருக்கும்போதே, தரையைத் தொடாமல், பத்து மீட்டர் உயரத்தில் இறங்குவதுபோல வந்து கடந்து போவதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உயரத்தை ஒவ்வொரு முறையும் சற்றுக் குறைத்தால், ஒரு நாள் அது தரையாகிவிடும்.

18 மார்ச் 2024

பேட்டரி தீரும்வரை ஓட்டக்கூடாது என்பதைத் தனியாகச் சொல்கிறேன். 2200 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் முக்கால் பங்கை, அதாவது 1650ஐ மட்டுமே செலவழிக்கலாம். சராசரி மின்னோட்டம் 12 ஆம்பியர் என்றால் அது 8 நிமிடத்துக்கு வரும். டிரான்ஸ்மிட்டரின் டைமரை 6 நிமிடத்தில் வையுங்கள். மீதி இரண்டு, இறங்க முடியாமல் மறுசுற்று வருவதற்கு. செல் ஒன்றுக்கு நிறைவில் 4.2 வோல்ட், எடுத்துவைக்கும்போது 3.8. நிறைந்த பேட்டரியைச் சித்திரை வெயிலில் கார் டிக்கியில் வைத்துவிட்டுப் போனால் உப்பிவிடும், உப்பியதை மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. சார்ஜ் ஏறும்போது பேட்டரியைச் சிமெண்டுத் தரையில் மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்திலேயே இருங்கள்.

14 ஏப்ரல் 2024

ஓசூரிலிருந்து ஒருவர் சட்டம் கேட்கிறார். 2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள் ஆளில்லா விமானங்கள் எல்லாவற்றுக்குமானவை, நான்கு விசிறி வைத்தவற்றுக்கு மட்டும் அல்ல. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளவற்றை வணிக நோக்கமின்றி ஓட்டுவதற்குப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம் வரை போகலாம். ஆனால் இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 கிலோமீட்டர் வரை தரையிலிருந்தே அனுமதி இல்லாமல் ஓட்டக் கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல் அப்படி. பேலகொண்டப்பள்ளியில் விமானத்தளம் இருப்பதை ஓசூர்க்காரர்கள் மறந்துவிடக் கூடாது. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வரைபடத்தில் தங்கள் இடத்தைப் பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

அவரே கேட்ட இன்னொன்று: ஓசூர் உயரமான ஊர், விமானம் ஏறத் திணறுமா? கடல்மட்டத்தைவிட அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைவு, அதனால் ஸ்டால் வேகம் 4 விழுக்காடு கூடும். அதைக் குறைசொல்லும் நிலைக்கு நாம் இன்னும் வரவில்லை.

19 மே 2024

மாம்பழப் பருவத்தில் விமானத்தைத் தோப்புக்குள் விட்டவர்கள் கவனத்துக்கு: தோப்புக்காரர் உங்கள் கையிலுள்ள டிரான்ஸ்மிட்டரைப் பார்ப்பதற்கு முன் உங்கள் பையைத்தான் பார்ப்பார். காலிப் பையோடு, கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போங்கள்.

தேடும் முறை: விழுந்தவுடன் ஓடாதீர்கள். நின்ற இடத்திலேயே நின்று, விழுந்த திசையில் தொலைவிலுள்ள ஒரு மரத்தையோ பாறையையோ குறித்துக்கொண்டு அதை நோக்கி நேர்கோட்டில் நடக்க வேண்டும். விமானம் பெரும்பாலும் நாம் நினைத்த இடத்துக்கு அப்பால்தான் கிடக்கும். த்ராட்டிலைக் கொடுத்து ஓசையால் தேடுவது வேண்டாம்; கிளையில் சிக்கிய மோட்டார் எரிந்துபோகும். அய்லரானை ஆட்டினால் சர்வோவின் ஓசை கேட்கும்.

30 ஜூன் 2024

கைரோ வேண்டாம் என்று ஜனவரியில் எழுதினேன், காரணம் சொல்லவில்லை. இப்போது சொல்லலாம், பாதியை மாற்றிக்கொண்டு.

இவற்றில் இரண்டு வகைச் செயல்பாடு உண்டு. ஒன்று, ஸ்டிக்கை விட்டவுடன் விமானத்தை மட்டமாக்கிவிடும். மற்றொன்று மட்டமாக்காது, காற்று தட்டும்போது ஏற்படும் ஆட்டத்தை மட்டும் அடக்கும். முதல் வகையில் பழகியவர், சாய்த்துவிட்டுத் தானே திருப்பி மட்டமாக்கும் வேலையைக் கையில் ஏற்றவே மாட்டார். அதை அணைத்த அன்று அவர் மீண்டும் முதல் நாள் மாணவர்தான். இந்த ஆட்சேபம் எனக்கு மாறவில்லை. இரண்டாவது வகை வேறு: ஆனிக் காற்று தொடங்கிய பிறகு அதோடும் அது இல்லாமலும் ஒரே விமானத்தை ஓட்டிப் பார்த்தேன். கற்பதை அது பறிப்பதில்லை, காற்று எடுத்துக்கொள்ளும் விநாடிகளை ஓரளவு மீட்டுத் தருகிறது. ஆகவே, அடக்கும் வகை சரி. மட்டமாக்கும் வகையை ஒரு சுவிட்சில் ஆபத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பொருத்தியபின் ஒரு சோதனை கட்டாயம். விமானத்தைக் கையில் பிடித்து வலப்பக்கம் சாய்த்தால் வல அய்லரான் கீழே இறங்க வேண்டும், மூக்கைத் தூக்கினால் எலிவேட்டர் தாழ வேண்டும். எதிராக நடந்தால் அது எறிந்த கணத்திலேயே விமானத்தைக் கவிழ்த்துவிடும். பறக்கையில் இறக்கை வேகமாக நடுங்கினால் கெயின், அதாவது கைரோ திருத்தும் அளவு மிகுதி, குறைக்க வேண்டும்.

7 ஜூலை 2024

பாலக்கோட்டு நண்பர் இப்போது வரப்பைத் தாண்டி இறக்கிவிடுகிறார், அடுத்து கீழிறக்கை (இறக்கை உடலுக்குக் கீழே உள்ள) விமானம் வாங்கலாமா என்கிறார். ஆடி முடியட்டும். அதுவரை காற்று ஓயும் விடியற்காலைகளில் இதே விமானத்தில் இரண்டைச் செய்யலாம். முதலாவது, எட்டு வடிவத்தில் ஒரே உயரத்தில் சுற்றுவது. இடத் திருப்பம் எளிதாகவும் வலத் திருப்பம் கடினமாகவும் இருப்பது அப்போது வெளிப்படும். இரண்டாவது, 50 மீட்டரிலிருந்து த்ராட்டிலை முழுதும் மூடிவிட்டு, மோட்டார் இல்லாமலே காலடிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இறக்குவது. இது கைவந்த பிறகு கீழிறக்கை வாங்கினால் போதும், அதிலும் முதல் பறப்பு 50 மீட்டர் உயரத்தில், டிரிம் பார்ப்பதற்கு மட்டும்.